பனிக்கட்டி இட்ட துளைகள்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடையொன்றின் மாடியில், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் ஆய்வுக்கூடம் இயங்கிவந்தது. நோயுற்றவரின் உடலிலிருந்து மருத்துவர்கள் எடுத்தனுப்பும் திசுத் துணுக்குகளை மெழுகில் பதித்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்டதை மருத்துவருக்கு எழுதி அனுப்புவது எங்கள் தொழில். எங்கள் என்பதில் இருவர் அடக்கம். பார்ப்பதும் எழுதுவதும் நான். சீவுவதும் சாயமேற்றுவதும் அடுத்த தெருவிலிருந்து வந்த ஓர் அம்மையார். அஞ்சல்காரர் முதல் கீழ்த்தளத்துப் பாத்திரக் கடைக்காரர் வரை எல்லாரும் அவரை மாமி என்றே அழைத்தனர். காலப்போக்கில் நானும் அவ்வாறே அழைக்கலானேன்.

ஒரு கோடைக் காலையில் மாமியின் குரல் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து கேட்டது.

"ஏம்மா, என்ன இது? நீ மீன் விக்க வந்திருக்கியா, டெஸ்டுக்குக் குடுக்க வந்திருக்கியா?"

என் அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். நாற்பதை எட்டாத ஒரு பெண்மணி, சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்திருந்தார். சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் உடைத்த பனிக்கட்டி, அதனூடே உப்புக்கல், அதற்குள் விரலளவே ஆன ஒரு மருந்துக் குப்பி.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமி. ராத்திரி பூரா எங்க ஐஸ் பொட்டியிலதான் வெச்சிருந்தேன். கொஞ்சங்கூட கெடல. வேணா மோந்து பாருங்க."

"நான் எதுக்கு மோந்து பாக்கணும்" என்று மாமி பின்னால் நகர்ந்தார்.

குப்பியை வாங்கிப் பார்த்தேன். அரசு மருத்துவமனையொன்றின் சீட்டு ஒட்டியிருந்தது. நோயாளி ஓர் ஆண். விலாவுக்கிடையே ஊசி செலுத்தி எடுத்த கல்லீரல் திசு. நிறைந்திருக்க வேண்டிய தெளிந்த நீர் குப்பியில் ஒரு சொட்டும் இல்லை.

"இதில் ஒரு மருந்துநீர் இருந்திருக்குமே, அம்மா?"

"இருந்துச்சு அய்யா. தொறந்தேன், கண்ணெல்லாம் எரியுது. இன்னாத்தையோ மாத்தி ஊத்திக்கினாங்கன்னு கொட்டிட்டேன். இது ஈரலு அய்யா. மீன அறுத்தா மொதல்ல கெடுறது அதான். ஐஸு இல்லாம எப்படி வெக்கறது? கரையாம இருக்கட்டும்னு மேல ரெண்டு கை உப்பும் போட்டேன்."

கண்ணை எரித்த அந்த நீர்தான் பார்மலின். உடலை விட்டு வெளிவந்த கணத்தில் திசு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதை நிறுத்தி வைப்பது அதன் வேலை. பனிக்கட்டி அழுகலைத் தள்ளிப்போடும். ஆனால் உப்பிட்ட பனிக்கட்டியின் குளிரில் திசுவுக்குள் இருக்கும் நீர் உறைந்து, கூரிய படிகங்களாகி, சுற்றியுள்ளதைக் கிழித்துவிடும். மீன் விற்பவர் ஒருவர் தம் பொருளைக் காக்கச் செய்யக்கூடியதை எல்லாம் அவர் குறைவின்றிச் செய்திருந்தார். நுண்ணோக்கியின்கீழ் வைக்கவேண்டிய பொருளுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

இடுக்கியால் திசுவை வெளியே எடுத்தோம். பழுப்பு நூலொன்றின் துண்டு போன்ற அது வளையாமல் இருக்கும்பொருட்டு, மருத்துவமனையில் ஒரு சிறு வடிதாளில் கிடத்தியிருந்தார்கள். நூலின் ஒரு பாதி தாளோடு ஒட்டிக் கிடந்தது. மறுபாதி விடுபட்டுச் சுருண்டிருந்தது. தாளை மூக்கருகே கொண்டுபோனேன். பார்மலினின் நெடி அதில் இன்னும் ஊறியிருந்தது. தாளைத் தொட்டுக் கிடந்த பாதியேனும் பிழைத்திருக்கக்கூடும் என்று தோன்றியது.

"மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லிடலாமா, டாக்டர்?" என்றார் மாமி.

"இன்னொருவாட்டி ஊசியா? அதுக்கு அந்தாளு ஒத்துக்கவே மாட்டாரு" என்று அந்தப் பெண்மணி இடைமறித்தார். பிறகு நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, கேளாமலே தம் கதையைச் சொன்னார்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வீடு. கணவர் கடலுக்குப் போகிறவர்; முன்னாளில் குடித்தவர். சென்ற ஆண்டு பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு மனைவி அவரை அழைத்துச் சென்றிருக்கிறார். மெழுகுவத்தி ஏற்றி, இனித் தொடுவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதன்பின் வீட்டில் சில மாதம் நன்றாகவே போயிற்று. பிறகு அவர் கண் மஞ்சளித்தது, வயிறு உப்பியது, படகேற முடியவில்லை. குப்பத்தில் எல்லாரும், அவரைப் பெற்ற தாய் உட்பட, ஒளிந்து குடிக்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

"கேட்டா மாதா மேல சத்தியம் பண்றாரு. மொத சத்தியமே மாதா மேலதான் பண்ணாரு. எத்த நம்பறது? இப்ப ஊட்டுல ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் அய்யா. குடிக்கிறாரா, இல்லியா? குடிக்கிறாருன்னா புள்ளைங்கள இஸ்துகினு எங்கண்ணன் ஊட்டுக்குப் போய்ட்டே இருப்பேன். அவராண்டயே சொல்லிட்டேன்."

மருத்துவரின் சீட்டிலும் ஏறத்தாழ அதே வினாதான் வேறு சொற்களில் இருந்தது: மதுவால் நேர்ந்த கேடா, அன்றி நச்சுயிரித் தொற்றா? இரத்தத்தில் அந்தத் தொற்றைத் தேடும் சோதனை அந்நாளில் வேண்டிய இடத்தில் வேண்டியபோது கிடைத்ததில்லை. ஆகையால் திசுவையே கேட்க வேண்டியிருந்தது.

"இந்தத் துணுக்கு சொல்வதைச் சொல்கிறேன், அம்மா. அது சொல்லாததை என்னால் சொல்ல இயலாது" என்றேன்.

"சரி அய்யா" என்று அவர் வாசலில் வைத்திருந்த மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார். மாமி மேசையைத் துடைத்தார், பிறகு கையை முகர்ந்து பார்த்தார், மறுபடியும் துடைத்தார். "ஆத்துக்குப் போனா என்ன கேப்பாளோ தெரியல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

எந்தத் திசுவுக்கும் முதலில் இடும் பொதுச் சாயம் உயிரணுவின் கருவை நீலமாகவும் மற்றப் பகுதியை இளஞ்சிவப்பாகவும் காட்டும். அவ்வாறு சாயமேற்றிய முதல் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது, நான் எதிர்பாராத அளவுக்குத் துளைகள் தென்பட்டன. திசுவின் நீளத்தில் பாதி சல்லடைக்கண்ணாக இருந்தது.

கல்லீரலில் வெற்றுத் துளை என்றால் நோய்க்கூறியலார் மனம் உடனே செல்லுமிடம் கொழுப்பு. மிகுதியாகக் குடிப்பவரின் ஈரல் அணுக்களில் கொழுப்புத் துளிகள் சேரும். திசுவை மெழுகில் பதிக்கும்போது அக்கொழுப்பு கரைந்து போக, அது இருந்த இடம் துளையாக நிற்கும். ஆக, அந்தப் பெண்மணியின் வினாவுக்கு விடை முதற்பார்வையிலேயே கிடைத்துவிட்டது போலிருந்தது. கணவருக்கு எதிரான விடை.

ஆயினும் ஒன்று உறுத்தியது. கொழுப்புத் துளை எண்ணெய்ச் சொட்டைப் போல வட்டமாக இருக்கும். ஓர் அணுவின் எல்லைக்குள்ளேயே அடங்கும். அணுவின் கருவை ஓரத்துக்குத் தள்ளி வைக்கும். இங்கே நான் கண்டவை வட்டமாக இல்லை. நீர் வற்றிய தெப்பக்குளத்தின் சேற்றில் விழும் வெடிப்புகள் போல அவை கோணலாக ஓடின. ஓர் அணுவில் தொடங்கி, எல்லையைக் கடந்து, அடுத்ததில் முடிந்தன. கருக்கள் தத்தம் இடத்திலேயே இருந்தன. தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். நூலின் பாதியைக் கடந்ததும் துளைகள் அருகின. தாளோடு ஒட்டிக் கிடந்த முனையில் ஒன்றுகூட இல்லை.

மதுவால் விளைந்த கொழுப்பு ஈரலின் ஒரு பாதியில் மட்டும் தங்கி மறுபாதியை விட்டுவைக்காது. அந்தத் துளைகள் கணவர் குடித்ததால் வந்தவை அல்ல. மனைவி இட்ட பனிக்கட்டியால் வந்தவை.

இதை உணர்ந்ததும் எனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை இன்றும் நினைவுகூர்கிறேன். மாமியை அழைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"பாவம். உண்மை தெரியணும்னு வந்தவளோட ஐஸே பொய் சொல்றதே" என்றார்.

"மற்றப் பாதி என்ன சொல்கிறதென்று பார்ப்போம்."

பிழைத்த பாதியில் என்னை ஈர்த்தவை வேறு சில அணுக்கள். இயல்பான ஈரல் அணுவின் உட்புறம் சற்றே சொரசொரப்பாக, மாவு தூவினாற்போல் இருக்கும். இவற்றிலோ அது வழவழப்பாக, மங்கலாக, குளியலறைச் சன்னலுக்குப் போடும் தேய்த்த கண்ணாடி போல் இருந்தது. நச்சுயிரி தன் மேலுறைப் பொருளைத் தேவைக்கு மேல் உண்டாக்கி அணுவுக்குள் குவித்து வைக்கும்போது இத்தோற்றம் வரும். ஆனால், உறைந்து உருகிய திசு இது. குளிர் செய்த வேறொரு மாயமாகவும் அது இருக்கலாம். ஒரு முறை ஏமாற்றப் பார்த்த சாட்சியை மறுமுறை அப்படியே நம்புவதற்கில்லை.

இத்தகைய ஐயத்தைத் தீர்க்க ஆர்சீன் என்னும் சாயம் உண்டு. அந்த மேலுறைப் பொருளை அது கரும்பழுப்பாகப் பற்றும். கொழுப்பையோ பனிக்கட்டி இட்ட துளையையோ சட்டை செய்யாது. பாறைமேல் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து முதன்முதலில் வடித்த சாயம் அது. கறிமசாலாவில் சேர்க்கும் கல்பாசிக்குத் தூரத்து உறவு. இதை மாமியிடம் சொன்னபோது, "எங்காத்துல அதெல்லாம் சேக்கறதில்லை டாக்டர்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஆர்சீன் இடும்போதெல்லாம் நாங்கள் ஒரு வழக்கத்தைக் கைவிடாமல் காத்தோம். நச்சுயிரி உண்டு என்று முன்பே உறுதியான பழைய ஈரல் ஒன்றின் சீவலையும் புதிய சீவலோடு சேர்த்து அதே கரைசல்களில் நடத்திச் செல்வோம். அதற்குத் துணைத்தகடு என்று பெயரிட்டிருந்தோம். துணைத்தகட்டில் நிறம் ஏறாவிடில், புதியதில் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் பொருளில்லை.

அன்று துணைத்தகட்டில் நிறம் ஏறவில்லை. புதியதும் வெளிறியே இருந்தது. சாயக் கரைசல் பழையதாகி வலுவிழந்திருந்தது. புதிதாகக் கரைத்து, அது பக்குவப்படும்வரை சில நாள் இருட்டில் வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, மெழுகுக் கட்டியில் அந்த நல்ல முனை ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. இன்னும் சில சீவல்கள் வரலாம், அதற்குப்பின் ஒன்றுமில்லை.

கரைசல் இருட்டில் இருந்த நாள்களில் ஒன்றில் அந்தப் பெண்மணி மறுபடி வந்தார்.

"இன்னாங்கய்யா, தெரிஞ்சுதா?"

"இல்லை அம்மா. சாயம் இன்னும் பழுக்கவில்லை."

"பழுக்கணுமா? அது இன்னா, மாங்காவா?"

மாமி சிரித்துவிட்டார். "அப்படித்தான் வெச்சுக்கோயேன். அவசரப்பட்டா புளிக்கும்."

"எனக்கு அவசரம் இல்ல மாமி. அவருக்குத்தான். மூட்ட கட்டி வெச்சிகினு குந்தினுகிறாரு. முடிவு எப்படி வந்தாலும் நீ போவாத, நானே போய்டறேன்ங்கிறாரு. எங்க போவாரு? படகு ஏறவே முடியல."

"அதான் பேசிக்கறதில்லைன்னியே" என்றார் மாமி.

"எங்கிட்டயா சொன்னாரு? செவுத்தப் பாத்துச் சொன்னாரு. நானும் செவுத்துக்கே பதில் சொன்னேன்."

கரைசல் ஒருவழியாகப் பக்குவப்பட்டது. மறுநாள் மாமி அந்த மெழுகுக் கட்டியைச் சீவ அமர்ந்தபோது மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சீவல் பறந்துவிடக் கூடாதாம். வியர்வை வழிய வழியச் சீவினார். மெல்லிய நாடாவாக எழுந்த சீவல்களை வெந்நீரில் மிதக்கவிட்டு, தூரிகை முனையால் சுருக்கம் நீக்கித் தகட்டில் ஏந்தினார். இரண்டு தகடுகள் தேறின. அவற்றையும் துணைத்தகட்டையும் பெர்மாங்கனேட்டில் அமிழ்த்தி, கழுவி, வெளுத்து, புதிய ஆர்சீனில் இறக்கினோம்.

வெளியே எடுத்ததும் துணைத்தகட்டைத்தான் முதலில் பார்த்தேன். அழுத்தமான பழுப்புத் திட்டுகள். சாயம் தன் பணியைச் செய்திருந்தது. பிறகு புதிய தகடு. மங்கிய இளம்பழுப்புப் பரப்பில், அணு அணுவாக, சில இடங்களில் கூட்டமாக, அதே கரும்பழுப்பு. தேய்த்த கண்ணாடியாகத் தோன்றிய அணுக்களே அவை. துளை நிறைந்த பாதியிலும்கூட, வெடிப்புகளுக்கிடையே எஞ்சிய அணுக்களில் அந்நிறம் இருந்தது.

"டிகாக்‌ஷன் சிந்தினாப்ல இருக்கே" என்றார் மாமி. நான் அறிக்கையில் அவ்வாறு எழுதவில்லை என்றாலும், அதைவிடச் சரியான உவமை எனக்கும் கிட்டவில்லை.

அடுத்து அந்தப் பெண்மணி வந்தபோது தனியாகவே மேலே ஏறி வந்தார்.

"அவரு கீழ நிக்கிறாரு. வரமாட்டாராம். நீ கேட்டுகினு வா, நான் இப்படியே பஸ் ஏறிக்கிறேன்ங்கிறாரு."

அவரை அமரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். "குடியால் கெட்ட ஈரலில் இருக்கவேண்டியவை இதில் இல்லை. இருப்பது ஒரு தொற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு நச்சுயிரி ஈரலுக்குள் குடியேறியிருக்கிறது. மஞ்சள் காமாலை அதனால் வந்தது."

"அப்ப குடிக்கல."

"இதில் குடியின் தடம் இல்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். போன வாரம் எப்போதாவது ஒரு குவளை குடித்திருந்தால் அது இதில் தெரியாது."

பின்னாலிருந்து மாமி தாழ்ந்த குரலில், "டாக்டர், குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார்.

"வேணாம் மாமி" என்றார் அந்தப் பெண்மணி. "அய்யாவுக்குத் தெரிஞ்ச வரிக்கும்தான் அவரு சொல்லணும்."

பனிக்கட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் இட்ட குளிரால் திசுவில் துளைகள் விழுந்ததையும், அவை குடிப்பவரின் ஈரலில் விழும் துளைகளைப் போலத் தோன்றியதையும், தாளோடு ஒட்டிய முனை பிழைத்திராவிட்டால் எனக்கு ஐயம் தீர்ந்திருக்குமா என்று தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வெச்ச ஐஸு. கெட்டுடக் கூடாதுன்னு வெச்சேன். அதுவே அந்தாள மாட்டி வுடப் பாத்துச்சா?"

"ஆம்."

"காட்டுங்க."

இரு தகடுகளையும் காட்டினேன். ஒரு கண்ணை மூடிப் பார்க்க அவருக்கு வரவில்லை. உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். முதலில் துளைகள், பிறகு பழுப்பு. துளைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் மாடிப்படித் தலைப்புக்குச் சென்று கீழே நோக்கிக் குரல் கொடுத்தார்.

"யோவ். மேல வா."

மெலிந்த, நெடிய மனிதர் ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தார். விழிகளின் மஞ்சள் அப்போதும் தெளிந்திருக்கவில்லை. வாயிலிலேயே நின்றார்.

"குந்து. இதுல பாரு. கறையாட்டம் தெரியுது பாரு, அதான். உன் ஈரல்ல பூச்சி பூந்துகிது."

அவர் குனிந்து பார்த்தார். நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார். "எங்கேர்ந்து வந்துச்சு, டாக்டரு?"

அது எனக்கும் தெரியாத வினா. கழுவாத ஊசியாக இருக்கலாம், எப்போதோ ஏற்றிய இரத்தமாக இருக்கலாம், பிறந்தபோது தாயிடமிருந்தே வந்திருக்கலாம் என்றேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்க வாய்ப்பு உண்டு; எல்லாரின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும்; தொற்றாதவர்களைக் காக்க ஊசி இருக்கிறது என்று சொல்லி, அச்சோதனை கிடைக்கும் இடம் எது என்பதையும் விளக்கினேன். அந்தப் பெண்மணி இருமுறை திரும்பச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார். பிறகு தகட்டைச் சுட்டினார்.

"இத்த எனக்குக் குடுப்பீங்களா? இவங்கம்மா கைல காட்டணும். பக்கத்து ஊட்டுக்காரிங்க கைலயும் காட்டணும்."

தகடுகளை வெளியே தருவது வழக்கமில்லை. ஆனால் ஆர்சீன் இட்டவை இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். கண்ணாடியின் நடுவே கண்ணிமை மயிரளவு ஒரு பழுப்புக் கீற்று. திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெர்லியே அய்யா."

"நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது, அம்மா."

"இத்தக் கொண்டுபோய் குப்பத்துல காட்டுனா, இன்னாடி கண்ணாடித் துண்டத் தூக்கினு வர்றேன்னு சிரிப்பாங்க."

"சிரிப்பார்கள்" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் தகட்டை முந்தானையால் துடைத்தார். விரல் பட்ட இடத்தை மறுபடியும் துடைத்து மாமியிடம் நீட்டினார். "நீங்களே வெச்சுக்கோங்க மாமி. நானே சொல்லிக்கிறேன். நான் பாத்தேன்னு சொல்லுவேன். எவ கேக்க மாட்டேன்றான்னு பாக்கறேன்."

கணவர் முதன்முறையாக அவரை நேரே நோக்கினார். "எங்கம்மாகிட்டயுமா?"

"உங்கம்மாகிட்டதான் மொதல்ல."

"இவ வாய்க்கு உங்க பூதக்கண்ணாடி தேவலாம் டாக்டரு" என்றார் அவர் என்னிடம்.

"மூடிகினு எறங்கு" என்றார் அந்தப் பெண்மணி. கணவர் முதற்படியில் கால் வைத்ததும், "பாத்து. கைப்பிடியப் புடி" என்று சொல்லிக்கொண்டே அவருக்கு ஒரு படி முன்னால் இறங்கினார்.